பரணில் ஒரு நோட்டு: உங்கள் பகுதியில் மான் கூடுகிறதா, குறைகிறதா என்று கணக்கு வைக்கும் முறை

நவம்பர் கடைசி வாரத்தில், மான் வேட்டைப் பருவத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எந்தப் பெட்ரோல் பங்கில் காபி வாங்க நின்றாலும் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் மானே இல்லை" என்பார் ஒருவர். "எங்கள் பக்கம் ரோட்டில் போக முடியவில்லை, அவ்வளவு மான்" என்பார் பக்கத்தில் நிற்பவர். இரண்டு பேரும் ஒரே கவுண்டிக்காரர்களாக (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருப்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கவுண்டியின் மான் ஆலோசனைக் கூட்டத்தில் நானும் எழுந்து "மான் குறைந்துவிட்டது" என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்: "நீங்கள் எத்தனை மணி நேரம் பரணில் உட்கார்ந்தீர்கள்? போன வருஷம் எத்தனை மணி நேரம்?" என்னிடம் பதில் இல்லை. மான் எத்தனை என்பது நினைவில் இருந்தது, நேரம் இல்லை. அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். அந்த நோட்டில் எதை எழுத வேண்டும், எழுதியதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. மான் குறைவதும், மான் கண்ணில் படுவது குறைவதும் இரண்டு வேறு சங்கதிகள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், வேட்டைக்காக மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அறிவியலில் ஒரு இடம் உண்டு.

இந்தச் சண்டை புதிதல்ல. 1943-இல் விஸ்கான்சினின் வடக்குக் காடுகளில் மான்கள் தின்னத் தீனியில்லாத அளவுக்குப் பெருகிவிட்டன, பெண் மான்களையும் சுட விட வேண்டும் என்று வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் வாதாடினார். அந்த ஆண்டு முதல் நான்கு நாள் ஆண் மானுக்கும் அடுத்த நான்கு நாள் கொம்பில்லாத மானுக்கும் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டன. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள், '43-இன் குற்றம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் பரணிலிருந்து கண்டதும் உண்மை. குளிர்காலத்தில் பட்டினியால் மான்கள் மடிந்ததை லியோபோல்ட் கண்டதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கிற வழிதான் அன்று இல்லை.

இங்கே நான் சொல்வதெல்லாம் வெண்வால் மானைப் பற்றி, விஸ்கான்சினை வைத்து. அயோவா, மிச்சிகன், மினசோட்டாவில் வேட்டைக்குப் போகிற நண்பர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சட்டமும் தேதியும் மட்டும் மாறும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே உரிமம் வாங்கி, பருவத்தில், கணக்குக் கொடுத்துத்தான் சுடுகிறோம்.

1. இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் கையாலேயே ஒரு வரைபடம் போடுங்கள். உங்கள் நிலத்தின் எல்லை, பரண் இருக்கும் மரங்கள், ஓடை, மக்காச்சோள வயல், சோயா வயல், ஓக் மரங்கள் நிற்கும் மேடு, பக்கத்து நிலத்தில் மரம் வெட்டிய இடம். ஒவ்வொரு பரணுக்கும் ஓர் எண் கொடுங்கள். பரணிலிருந்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று சுமாராக எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பரண் மாறினால் கணக்கு மாறிவிடும். வயலோரப் பரணில் மாலை ஒரு மணி நேரத்தில் எட்டு மான் பார்க்கலாம். அதே நாளில் தேவதாரு அடர்ந்த சதுப்பில் உட்கார்ந்தவர் ஒன்றுகூடப் பார்த்திருக்க மாட்டார். குறைந்தது ஒரு பரணையாவது வருடா வருடம் அதே இடத்தில் வைத்திருங்கள். மற்றவற்றை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றுங்கள், ஆனால் கணக்கில் தனித்தனிப் பக்கம் கொடுங்கள்.

உங்கள் நாற்பது ஏக்கர் ஒரு மானின் உலகம் அல்ல. தெற்கு விவசாயப் பகுதி மான் சாதாரணமாக ஒரு சதுர மைல் அளவுக்குச் சுற்றும். வடக்கில் கடும்பனி விழுந்தால் மைல் கணக்கில் நடந்து, ஊசியிலை மரங்கள் அடர்ந்த குளிர்கால ஒதுக்கிடங்களுக்குப் போய்விடும். எனவே டிசம்பர் கடைசியில் வடக்கில் "மான் இல்லை" என்பது பல நேரம் "மான் இடம் பெயர்ந்துவிட்டது" என்றுதான் பொருள்.

2. மானுக்கு முன் மணியை எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் உயிர். பரணில் ஏறிய நேரம், இறங்கிய நேரம். மான் வந்தாலும் வராவிட்டாலும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வருடம் 48 மணி நேரம் உட்கார்ந்து 24 மான் பார்க்கிறீர்கள். அடுத்த வருடம் வேலை அதிகம், 30 மணி நேரம்தான் முடிந்தது, 15 மான் பார்த்தீர்கள். நினைவில் நிற்பது "போன தடவை 24, இந்தத் தடவை 15, பாதியாகப் போய்விட்டதே" என்பதுதான். ஆனால் இரண்டு வருடமும் மணிக்கு அரை மான். எதுவும் மாறவில்லை.

ஒன்றும் பார்க்காத நாளை எழுதாமல் விடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். வெறும் நாள்களை விட்டுவிட்டால் எந்த வருடமும் நல்ல வருடமாகவே தெரியும். பூஜ்யம் எழுதுவது கைக்குக் கசக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

ஒரு வரியில் இவ்வளவு போதும்: தேதி, பரண் எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம், வில்லா துப்பாக்கியா, கண்ட மான்கள் வகைவாரியாக, எத்தனை கூட்டமாக வந்தன, காற்று எந்தப் பக்கம், குளிர் எவ்வளவு, பனி தரையில் உண்டா, சுற்றுப்புறத்தில் துப்பாக்கிச் சத்தம் அதிகமா குறைவா. வகைக்கு நான் பழைய தமிழ்ச் சொற்களையே வைத்திருக்கிறேன்: ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, அப்புறம் குட்டி. க, பி, கு என்று ஒற்றை எழுத்தில் முடிந்துவிடும். நான்காவதாகத் 'தெ' என்று ஒரு கட்டம் உண்டு. தெரியவில்லை என்பதன் சுருக்கம். அந்தக் கட்டத்தைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள். புதரில் வால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து மறைந்த மானைப் பிணை என்று எழுதிவிட்டால், அப்புறம் ஆண்-பெண் விகிதம் முழுக்கக் கோணலாகிவிடும்.

பரணை விட்டு இறங்குமுன் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து சூடாக எதையாவது குடித்துவிட்டு எழுதினால் ஐந்து ஏழாகும், ஏழு ஐந்தாகும். பேனா வேண்டாம், உறைகுளிரில் மை வராது. பென்சில்தான். கைப்பேசியில் எழுதுபவர்கள் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த முறை ஒன்றும் நாமாகக் கண்டுபிடித்தது அல்ல. அயோவா மாநிலம் 2004 முதல் வில் வேட்டைக்காரர்களிடமிருந்து இப்படியே கணக்கு வாங்குகிறது. 1,000 மணி நேரத்துக்கு எத்தனை மான் என்று கணக்கிட்டு வருடா வருடம் ஒப்பிடுகிறார்கள். கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய நாயினம்), பாப்கேட் (ஒரு வகைக் காட்டுப்பூனை) எத்தனை பார்த்தீர்கள் என்றும் அதே படிவத்தில் கேட்கிறார்கள். ஸ்வீடனில் எல்க் (இங்கே மூஸ் என்கிற பெரிய மான்) வேட்டை தொடங்கி முதல் ஏழு நாள் ஒவ்வொரு குழுவும் தான் கண்ட எல்க்குகளையும் உட்கார்ந்த ஆள்-மணியையும் எழுதித் தருகிறது. நார்வேயில் 1960-களின் பிற்பகுதியிலேயே இது தொடங்கிவிட்டது.

3. குட்டியா பிணையா: பார்த்துப் பழகுங்கள்

நவம்பரில் குட்டியின் உடம்பில் புள்ளி இருக்காது. செப்டம்பர், அக்டோபரிலேயே புள்ளி மறைந்து சாம்பல் நிறக் குளிர்கால ரோமம் வந்துவிடும். தனியாக ஒன்று நின்றால் பிணையா குட்டியா என்று சொல்வது கஷ்டம். முகத்தைப் பாருங்கள். பிணையின் முகம் நீளம், கழுத்தும் நீளம். குட்டியின் மூக்கு குட்டை, முகத்தை நோக்கக் காது பெரிதாகத் தெரியும், உடம்பு ஒரு பெட்டியைப்போலச் சதுரமாக இருக்கும்.

குட்டியிலும் ஆணையும் பெண்ணையும் பிரிக்கலாம். ஆண் குட்டிக்கு இரண்டு காதுக்கும் நடுவே தலை தட்டையாக இருக்கும், கொம்பு முளைக்கும் இடத்தில் மொட்டுப்போல இரண்டு மேடு தெரியும். பெண் குட்டியின் தலை உருண்டையாக இருக்கும். தொலைநோக்கி இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மாலையில் வயலுக்கு முதலில் ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் ஆண் குட்டிதான். கொம்பில்லாத மான் என்று அவசரப்பட்டுச் சுடப்படுவதும் அதிகம் அதுதான். கணக்குக்காகப் பழகுகிற இந்தப் பார்வை அங்கேயும் உதவும்.

4. ஆகஸ்டில் துப்பாக்கி இல்லாமல் ஒரு கணக்கு

வெண்வால் மான்கள் இங்கே நவம்பர் முதல் பாதியில் இணைசேரும். ஏறத்தாழ 200 நாள் சுமந்து மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஈனும். முதல் சில வாரம் குட்டி புல்லுக்குள் படுத்தே கிடக்கும், தாயின் பின்னால் வராது. அதனால் ஜூனில் எண்ணினால் குட்டியே இல்லாததுபோலத் தெரியும். ஆகஸ்ட் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரைதான் எண்ண வேண்டிய காலம். குட்டி தாயோடு வரும், புள்ளி இன்னும் இருக்கும், சந்தேகமே வராது. விஸ்கான்சின் இயற்கை வளத் துறையும் (இங்கே எல்லாரும் டி.என்.ஆர். என்றே சொல்வார்கள்) இந்த இரண்டு மாதம்தான் பொதுமக்களிடம் மான் கணக்குக் கேட்கிறது.

மாலையில் ஒரே பாதையில் மெதுவாக வண்டி ஓட்டுங்கள், வாரம் ஒரு முறை. பிணை எத்தனை, குட்டி எத்தனை, கலை எத்தனை. குட்டியோடு வரும் பிணையை மட்டும் எண்ணிவிட்டுத் தனிப் பிணையை விட்டுவிடாதீர்கள். அந்தத் தனிப் பிணைதான் முக்கியமான செய்தி. அது குட்டியை இழந்திருக்கலாம், அல்லது ஈனவே இல்லாமல் இருக்கலாம். மொத்தக் குட்டிகளை மொத்தப் பிணைகளால் வகுத்தால் விகிதம் வரும். கொழுத்த விவசாயப் பகுதியில் பிணைக்கு ஒரு குட்டி அல்லது அதற்கு மேலும் வரலாம். வடக்குக் காட்டில் அதைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் எண்ணைப் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரவில் விளக்கடித்து எண்ண வேண்டாம். இலையுதிர்காலத்தில் அதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, பக்கத்து நிலத்துக்காரருக்கும் அச்சம் வரும்.

5. சுட்ட மானிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கண்ணால் கண்டது ஒரு சாட்சி என்றால், கையில் கிடைத்த மான் இன்னொரு சாட்சி. குடல் எடுத்து முடித்ததும் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

முதலாவது, வயது. கீழ்த்தாடையைத் திறந்து ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களை முன்னிருந்து பின்னாக எண்ணுங்கள். ஆறுக்குக் குறைவாக இருந்தால் அந்த வருடத்துக் குட்டி. ஆறும் இருந்தால் மூன்றாவது பல்லைப் பாருங்கள். அது மூன்று மேடுகளோடு தேய்ந்திருந்தால் இன்னும் விழாத பால் பல், மானுக்கு ஒன்றரை வயது. அந்த மூன்றாவது பல் இரண்டு மேடுகளோடு, மற்றப் பற்களைவிட வெள்ளையாக, அப்போதுதான் முளைத்ததுபோல இருந்தாலும் ஒன்றரை வயதுதான். இரண்டு மேடும் மற்றப் பற்களைப் போலவே கறையும் ஏறியிருந்தால் இரண்டரை அல்லது அதற்கு மேல். 1949-இல் நியூயார்க் மாநிலத்தில் சி. டபிள்யூ. செவரிங்ஹாஸ் வகுத்துத் தந்த முறையின் அடிப்படை இது. மூன்றரையா நான்கரையா என்று தேய்மானத்தை வைத்துச் சொல்வது நிபுணருக்கே தவறும். நமக்குக் குட்டி, ஒன்றரை, அதற்கு மேல் என்ற மூன்று கட்டங்கள் போதும்.

இது ஏன் வேண்டும்? மாநிலத்தின் மான் கணக்கு, சுடப்பட்ட வளர்ந்த கலைகளில் ஒன்றரை வயதுக்காரர்கள் எவ்வளவு பங்கு என்பதிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. அந்தப் பங்கோடு ஆண்-பெண் விகிதமும் குட்டி-பிணை விகிதமும் சேர்ந்து மொத்தம் வருகிறது. 2015-க்கு முன் சுட்ட மானை வண்டியில் போட்டுப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பலரும் பல்லைப் பார்த்து வயது சொல்லிவிடுவார்கள். இப்போது கைப்பேசியிலேயே பதிவு முடிந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் ஊரே கூடி மானைப் பார்த்த அந்த இடமும் அங்கே கிடைத்த பல் கணக்கும் போய்விட்டன. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. அதனால்தான் பல்லைப் பார்க்க ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, மடி. வளர்ந்த பிணையின் காம்பைப் பிதுக்கிப் பாருங்கள். பால் வந்தால் அந்த வருடம் குட்டி ஒன்றாவது இலையுதிர்காலம்வரை பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில் சுட்ட பிணைகளை மட்டும் ஒப்பிடுங்கள், ஏனெனில் நவம்பர் போகப் போகப் பால் வற்றும்.

மூன்றாவது, உடம்பு. குடல் எடுத்த பின் எடை. ஒன்றரை வயதுக் கலை என்றால் கொம்பு தலையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே அதன் தடிமன். தீனிக்கு மீறி மான் பெருகினால் ஒன்றரை வயதுக்காரர்களின் எடையும் கொம்புத் தடிமனும் முதலில் குறையும். நிறைய மான் கண்ணில் படுகிறது, ஆனால் எல்லாம் மெலிந்திருக்கின்றன என்றால், மகிழ்ச்சிக்கு முன் காட்டைப் போய்ப் பாருங்கள்.

6. காடு சொல்வது

மார்ச் கடைசியில் பனி உருகியதும், புல் முளைக்குமுன், ஒரு நாள் நடங்கள். போன இலையுதிர்காலச் சருகுக்கு மேலே கிடக்கும் புழுக்கைக் குவியல்கள் எல்லாம் இந்தக் குளிர்காலத்தவை. ஒரே தடத்தில் வருடா வருடம் எண்ணினால் ஒரு போக்குத் தெரியும். உங்கள் தலை உயரத்துக்குக் கீழே தேவதாருக் கிளைகளில் பச்சையே இல்லாமல், கத்தரித்துவிட்டதுபோல ஒரு கோடு தெரிந்தால், மான் வாய் எட்டிய உயரம் அது. மான் விரும்பித் தின்னும் டிரில்லியம் என்ற காட்டுப்பூ முன்பு எங்கே பூத்தது, இப்போது எங்கே இல்லை என்றும் குறியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்பென் மரங்களை வெட்டிய இடத்தில் சில வருடம் தளிர் கொழிக்கும், மான் கூடும். மரங்கள் உயர்ந்து நிழல் மூடியதும் தீனி குறையும், மானும் நகரும். "அப்பா காலத்தில் இங்கே அவ்வளவு மான்" என்று சொல்கிற பல இடங்களில், அப்பா காலத்தில் அந்தக் காடு பத்து வயதுக் காடாக இருந்தது என்பதுதான் விஷயம்.

டிரெயில் கேமரா (மான் தடத்தில் கட்டிவைக்கும், தானே படம் எடுக்கும் கேமரா) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நூறு படம் என்பது நூறு மான் அல்ல. கலைகளைக் கொம்பை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம், பிணையை அப்படி முடியாது. நூறு ஏக்கருக்கு ஒரு கேமரா, அதே இடம், அதே பத்துப் பதினான்கு நாள் என்று வருடா வருடம் வைத்தால் ஒப்பிட ஏதோ ஒன்று கிடைக்கும். கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். மான் பகலில் வந்ததா இரவில் வந்ததா என்பது அடுத்துச் சொல்லப்போவதற்கு வேண்டும்.

7. பனியும் நோயும்

விஸ்கான்சினில் குளிர்காலக் கடுமைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தரையில் 18 அங்குலம் அல்லது அதற்கு மேல் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. குறைந்தபட்ச வெப்பநிலை 0 ஃபாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழே போகும் நாளுக்கு இன்னொரு புள்ளி. இரண்டும் ஒரே நாளில் என்றால் இரண்டு. மொத்தம் 50-க்குக் கீழே என்றால் இலேசான குளிர்காலம், 80 தாண்டினால் கடுமை, 100 தாண்டினால் மிகக் கடுமை. 2013-14 குளிர்காலம் வடக்கில் அந்த வகை. அதன் வடு அடுத்த நவம்பரில் குட்டி இல்லாத கூட்டங்களாகவும், அதற்கடுத்த நவம்பரில் ஒன்றரை வயதுக் கலைகள் இல்லாததாகவும் தெரிந்தது. கொல்லைப்புறத்தில் ஓர் அளவுகோலை நட்டுவைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போடலாம்.

கோடை கடைசியில் ஓடையோரமோ குளத்தோரமோ உடம்பில் மெலிவே இல்லாமல் மான்கள் செத்துக் கிடந்தால் இ.எச்.டி. என்ற நோயைச் சந்தேகியுங்கள். மிகச் சிறிய கடிபூச்சிகள் பரப்பும் வைரஸ் அது. காய்ச்சலில் தண்ணீர் தேடி வந்து சாகும். முதல் உறைபனி விழுந்து பூச்சி செத்ததும் நின்றுவிடும். 2012 வறட்சியில் மத்திய மேற்கு மாநிலங்களில் இது மான்களை வாரிக்கொண்டு போனது. ஒரு பள்ளத்தாக்கு காலியாகும், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் ஆகாது. ஒரே கவுண்டியில் இரண்டு பேர் இரண்டு கதை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சி.டபிள்யூ.டி. என்ற மான் மெலிவு நோய் வேறு வகை. விஸ்கான்சினில் 2002-இல் டேன் கவுண்டியில் மவுண்ட் ஹோரப் பக்கம் முதலில் உறுதியானது. பிரியான் என்ற புரதத்தால் வருவது, மருந்து இல்லை, தொற்றிய மான் பிழைப்பதில்லை. ஆனால் ஒன்றரை, இரண்டு வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடும். தென்மேற்கு விஸ்கான்சினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்களுக்குக் கழுத்துப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வில், தொற்றிய மான்கள் மற்றவற்றைவிட மிக அதிகமாக இறந்தது தெரிந்தது. இதன் சரிவு மெல்ல வரும். ஒரு வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. வயதான கலைகள் குறைந்துகொண்டே வருவதுபோல உங்கள் நோட்டில் தெரிந்தால் கவனியுங்கள். சுட்ட ஒவ்வொரு மானையும் சோதனைக்குக் கொடுங்கள், விஸ்கான்சினில் வேட்டைக்காரருக்கு அது இலவசம். நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகப் பெயர் எழுதி உறைய வைத்திருங்கள். குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஓநாய், கொயோட்டி, கரடி, பாப்கேட் கண்டால் அவற்றையும் அதே வரியில் எழுதுங்கள். கண்டதை மட்டும். "ஓநாய் வந்தது, மான் போனது" என்ற முடிவை நோட்டில் எழுத வேண்டாம். ஓநாய் மானைத் தின்கிறது, உண்மை. குட்டிகளைக் கரடியும் கொயோட்டியும் எடுக்கின்றன, அதுவும் உண்மை. கடும்பனியும் ஓநாயும் ஒரே வருடத்தில் வந்தால் எது எவ்வளவு என்று ஒரு பரணிலிருந்து சொல்ல முடியாது.

8. மான் இருந்தும் கண்ணில் படாத வருடங்கள்

நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறேன். விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்தச் சனி நவம்பர் 17-இலும் வரலாம், 23-இலும் வரலாம். 2018-இல் 17, 2019-இல் 23. முன்னதில் கலைகள் இன்னும் பிணையைத் துரத்திக்கொண்டு பகலில் ஓடுகின்றன. பின்னதில் ஓய்ந்து படுத்துவிடுகின்றன. 2019-இல் ஒன்பது நாள் பருவத்தில் சுடப்பட்ட மான்கள் முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அந்த வருடம் மழையால் மக்காச்சோள அறுவடையும் தள்ளிப்போய், பல வயல்கள் நின்றபடியே இருந்தன. நிற்கிற சோளத்துக்குள் முப்பது மான் படுத்திருந்தாலும் வெளியே தெரியாது. ஊரெங்கும் "மான் போச்சு" என்ற பேச்சு. ஒரே வருடத்தில் நான்கில் ஒரு பங்கு மான் மாயமாகிவிடவில்லை.

எனவே உங்கள் நோட்டில் பருவம் தொடங்கிய தேதியையும், அன்று சோளம் நின்றதா அறுத்தாயிற்றா என்பதையும் பெரிதாக எழுதுங்கள். 17-இல் தொடங்கிய வருடத்தை 23-இல் தொடங்கிய வருடத்தோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது ஓக் கொட்டை. கொட்டை கொட்டித் தள்ளுகிற வருடம் மான்கள் காட்டுக்குள்ளேயே வயிறு நிரப்பிக்கொள்ளும், வயலுக்கு வராது. வயலோரப் பரண்காரர் பட்டினியாக இருப்பார், மேட்டில் உட்கார்ந்தவருக்குக் கொண்டாட்டம். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே வருடத்தில் முற்றும், சிவப்பு ஓக்கினது இரண்டு வருடம் எடுக்கும். அதனால் ஒன்று பொய்த்த வருடம் மற்றது காய்க்கலாம். செப்டம்பரில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து நிறைய, சுமார், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

மூன்றாவது, மனிதர்கள். 2000-ஆம் ஆண்டில் இங்கே துப்பாக்கி வேட்டைக்கு உரிமம் எடுத்தவர்கள் 7 லட்சத்துக்கு அருகில். இப்போது ஐந்தரை லட்சம் சொச்சம். அன்று தொடக்க நாள் காலையில் காடு முழுக்க ஆள் நடமாட்டம். யாரோ ஒருவர் கலைத்துவிட்ட மான் உங்கள் பரண் அடியில் ஓடும். குழுவாகச் சேர்ந்து மான் ஓட்டுகிற வழக்கமும் குறைந்துவிட்டது. எல்லாரும் அவரவர் பரணில் அசையாமல் இருந்தால் மானும் அசையாமல் இருக்கும். அதோடு 2014 முதல் எல்லாருக்கும் குறுக்குவில் அனுமதி வந்ததால், துப்பாக்கிப் பருவம் தொடங்குமுன்பே மான்கள் இரண்டு மாதம் வேட்டையாடப்பட்டு உஷாராக இருக்கின்றன. கேமராவில் இரவுப் படம் நிறைய, பகல் படம் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். தீனி கொட்டி மானை வரவழைப்பதும் அதை இரவுக்காரன் ஆக்கும். நோய் கண்ட கவுண்டிகளில் அதற்குத் தடையும் உண்டு.

9. கணக்குப் போடுதல்

பருவம் முடிந்ததும் மொத்த மான்களை மொத்த மணியால் வகுங்கள். வில்லுக்குத் தனியாக, துப்பாக்கிக்குத் தனியாக, நிலையான பரணுக்குத் தனியாக.

வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? நான் பயன்படுத்தும் கைக்கணக்கு இது: கண்ட மான்களின் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்கள். 25 மான் என்றால் 5. மான் தொகை மாறாவிட்டாலும் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே உங்கள் எண்ணிக்கை அந்த அளவுக்கு மேலும் கீழும் ஆடும், சில வருடம் அதைப்போல இரு மடங்கும் ஆடும். மான் கூட்டமாக வருவதால் உண்மையான ஆட்டம் இன்னும் பெரிது. தாயும் இரண்டு குட்டியும் வந்தால் மூன்று மான், ஆனால் ஒரே சம்பவம். கூட்டங்களின் எண்ணிக்கையை எழுதச் சொன்னது இதற்குத்தான். ஆக, அதே மணி நேரத்தில் 25 இருந்தது 19 ஆனால் ஒன்றும் சொல்வதற்கில்லை. மூன்று வருடச் சராசரி தொடர்ந்து இறங்கினால் சொல்லலாம்.

இதை வலுவாக்க ஒரே வழி, மணி நேரத்தைக் கூட்டுவது. நீங்கள் ஒருவர் 40 மணி. சுற்றியுள்ள நான்கு நிலத்துக்காரர்களும் அதே வரியை எழுதினால் 200 மணி. எங்கள் பக்கம் இதற்கு மூன்று வருடம் பிடித்தது. யார் எந்தப் பரணில் பெரிய கலையைப் பார்த்தார் என்று வெளியே சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் எண்ணிக்கையையும் மணியையும் மட்டும் பகிர்ந்துகொள்வது, இடத்தையும் படத்தையும் கேட்பதில்லை என்று பேசிவைத்தோம். அப்புறம்தான் தாள்கள் வரத் தொடங்கின.

10. கூட்டத்துக்குப் போகும்போது

2014 முதல் விஸ்கான்சினில் கவுண்டிதோறும் மான் ஆலோசனைக் குழு இருக்கிறது. மான் தொகை கூட வேண்டுமா, இப்படியே இருக்கலாமா, குறைய வேண்டுமா என்று அது பரிந்துரை செய்கிறது. பொதுமக்கள் பேசலாம். அங்கே ஒரே ஒரு தாளோடு போங்கள். மேலே மணி, கீழே வருடவாரியாக மணிக்கு எத்தனை மான், பக்கத்தில் ஆகஸ்ட் குட்டி விகிதம், ஒன்றரை வயதுக் கலைகளின் எடை, குளிர்காலப் புள்ளி, தொடக்கத் தேதி. "எங்கள் ஐந்து நிலத்தில் இவ்வளவு மணி நேரத்தில் கண்டது இது" என்று மட்டும் சொல்லுங்கள். கவுண்டி முழுவதற்கும் பேச வேண்டாம். பயிர் அழிந்த விவசாயியும், மானை மோதிய வண்டிக்காரரும், நாற்று நட்ட வனக்காரரும் அதே அறையில் இருப்பார்கள். அவர்கள் கண்டதும் கணக்குத்தான்.

முதல் முறை நான் அந்தத் தாளோடு போனபோது, என்னிடம் மணி கேட்ட அதே பெரியவர் கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்திவைத்துப் பேசினார். பால் பண்ணைக்காரர். சமையலறையில் மாட்டியிருந்த நாள்காட்டிகளில் ஒவ்வொரு நவம்பரும் தான் கண்ட மான்களைக் கட்டத்துக்குள் குறித்து வைத்திருந்தார், முப்பது வருடத்துக்கும் மேலாக. ஆனால் அவற்றில் மணி இல்லை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே, அவருக்கு அந்தக் குறை தெரிந்திருந்ததால்தான். நாள்காட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, மாடு எத்தனை மணிக்குக் கறப்பீர்கள் என்று கேட்டேன். காலை ஐந்துக்கு, மாலை நான்குக்கு, ஒரு நாளும் மாறியதில்லை என்றார். கறந்து முடித்து எட்டுக்குப் பரண் ஏறுவார், மூன்றரைக்கு இறங்கிவிடுவார். மான் ஒன்றும் காணாத நாளுக்குச் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார். அன்று மாலை முழுவதும் கோடுகளையும் சேர்த்து எண்ணினோம், நாளுக்கு ஏழரை மணி என்று.